பச்சைப் பொய், சிவப்பு வாத்து

என் மனைவிக்குத் தெரியாமல் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியமாவது செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். தப்பான காரியம் ஒன்றும் இல்லை. அதற்கெல்லாம் தைரியம் வேண்டும். நல்ல காரியமாகவே இருக்கட்டும். ஆனால் அவளுக்குத் தெரியக்கூடாது. லட்சியம் அவ்வளவுதான்.

என் மனைவியைத் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படும். அவள் சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டே, ஹாலில் நான் பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தத்தைக் கேட்பாள். கேட்பதோடு விடமாட்டாள். "ரெண்டாவது எடுக்காதீங்க" என்று குரல் வரும். நான் அப்போதுதான் ரெண்டாவதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்திருப்பேன். யோசனைக்குத் தடை உத்தரவு வாங்கிய புருஷன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அவள் எம்பிராய்டரி கடைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் டிரேசிங் பேப்பரை விரித்துப் பென்சிலை எடுத்தால், ஒரே இழுப்பில் ஒரு கிளி வந்து உட்காரும். அழிப்பது என்பதே கிடையாது. பேச்சும் அப்படித்தான். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

நான் நேர் எதிர். லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் புகார் வாங்குகிற ஆள். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் எனக்குத்தான் போன் போடுவார். கத்துவார். திட்டுவார். சிலர் அழுவார்கள். நான் மட்டும் நிதானம் இழக்கக் கூடாது. "பதட்டப்படாதீங்க சார். ஆள் கிளம்பிட்டாங்க சார். நல்லா மூச்சு விடுங்க சார்." வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். "சரிம்மா. செஞ்சிடலாம்மா. நீ பதட்டப்படாதே." மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வாய்வழியாகப் போய்விடும். என் வாய் ஆபீஸுக்குச் சொந்தம். ஆகவே என் கோபம் போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் பல்லில் போய்க் குடியேறியது. இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்ததில் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டது.

கோபம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஒரே பெண் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது, "பெட்டியைப் பத்திரமா பாத்துக்கோ" என்றேன். சொல்ல நினைத்தது பெட்டியைப் பற்றியா? இல்லை. அதற்குப் பிறகு தினமும் போனில் இதே கதைதான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

ஒரு தகப்பன் மகளிடம் கொட்டித் தீர்த்தது இவ்வளவுதான்.

நிற்க. பல்லுக்கு வருகிறேன்.

பல் டாக்டர் கிளினிக்கில் அன்று நல்ல கூட்டம். நாற்காலிக்கு ஒரு வீங்கிய கன்னம். மூலையில் குழந்தைகளுக்காகப் போட்டிருந்த குட்டி மேஜையும் குட்டி நாற்காலியும்தான் காலி. உட்கார்ந்தேன். முழங்கால் மோவாயைத் தொட்டது. மேஜைமேல் கோடு மட்டும் போட்ட வாத்துப் படம் ஒன்று. பக்கத்தில் ஒரு டப்பா நிறையத் தேய்ந்த கலர் பென்சில்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். லீவு சொல்லாமல் போய்விட்டேனாம். வெளுத்து வாங்கினார். நான் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்ல இடம் கொடுத்தால்தானே? "புரியுது சார். சரி சார். நீங்க பதட்டப்படாதீங்க சார்" என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை அது பாட்டுக்கு ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்திருக்கிறது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் வாத்தின் வயிறு முழுக்கச் சிவப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், பல் வலி பாதி குறைந்திருந்தது.

விடுவேனா? இறக்கைக்கும் அடித்தேன். அலகுக்கு அழுத்தி அழுத்தி அடித்தேன். பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏங்க, அந்த வாத்தைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே, என்ன பண்ணிச்சு அது?"

"லீவு சொல்லலையாம்."

"யாரு, வாத்தா?"

"நான்."

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"இன்னொரு பேப்பர் இருக்கா? எனக்கும் ஒரு மருமக இருக்கா."

நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டபோது, "ஒரு நிமிஷம் சிஸ்டர், வால் மட்டும் பாக்கி" என்று சொன்னேன். பல்லைப் பிடுங்க வந்தவன் வாலுக்காக டாக்டரைக் காக்கவைத்தது அந்தக் கிளினிக்கில் அதுவே முதல் தடவையாம்.

வெளியே வரும்போது ஒரு பல் குறைந்திருந்தது. ஒரு ரகசியம் கூடியிருந்தது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே ஒரு ஜெராக்ஸ் கடை. ஸ்டேஷனரியும் உண்டு. கடைக்காரருக்கு மூக்கு நீளம். அதைவிட அதன் ஆர்வம் நீளம்.

"கலர் பென்சிலா? யாருக்கு சார்? பொண்ணு காலேஜ் போயிடுச்சே?"

"எங்க அண்ணன் பேத்திக்கு."

பச்சைப் பொய். நான் ஒரே பிள்ளை. அண்ணனே இல்லாத இடத்தில் பேத்தி வரைக்கும் போய்விட்டேன். பொய் என்று இறங்கினால் எனக்குத் தாராளமாகச் செலவழிக்கத்தான் தெரியும்.

"கலர் அடிக்கப் படம் வேணுமா? கோடு போட்டது? ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன். என்ன மாதிரிப் படம் பிடிக்கும் பாப்பாவுக்கு?"

"வாத்து."

வாங்கியாகிவிட்டது. எங்கே உட்கார்ந்து அடிப்பது? எங்கள் வீடு இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுடையது, அதாவது என் மனைவியுடையது. இன்னொன்று பெண்ணுடையது. அவள் போனதிலிருந்து அந்த அறைக்குள் நான் நுழையவில்லை. கதவைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். ஆனால் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை அது ஒன்றுதான். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். உடனே கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன பண்றீங்க?"

"தியானம்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. குறுக்கு விசாரணைக்குத் தயாரானேன். எந்தக் குரு, எந்த ஆசனம், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் அண்ணன் பேத்தியைத்தான் கைகாட்ட வேண்டும்.

"நல்ல விஷயம்தாங்க. தினமும் பண்ணுங்க. யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜெயித்துவிட்டேன்! மிக்ஸி சத்தத்தில் பிஸ்கட் டப்பாவைக் கேட்டவள், கதவுக்குப் பின்னால் பென்சில் டப்பாவைக் கோட்டைவிட்டாள்.

சொன்னபடியே பாதுகாப்பும் கொடுத்தாள். அந்த அரை மணி நேரம் டிவி வாய் திறக்காது. போன் வந்தால், "தியானத்துல இருக்கார், அப்புறம் பேசுங்க" என்பாள். மேனேஜருக்கே அந்தப் பதில் போயிற்று. மனுஷன் மறுநாள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

உள்ளே நான் என் ராஜ்ஜியத்தை ஆண்டுகொண்டிருந்தேன். அன்றைக்கு யார் திட்டினாரோ அவருக்கு ஒரு வாத்து. ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டு என் பரம்பரையையே இழுத்த ஒருவருக்குக் கறுப்பு வாத்து. மேனேஜருக்கு வழக்கம்போலச் சிவப்பு. ஒருநாள் லிஃப்டில் மாட்டிய ஒரு கிழவர், "அவசரமில்லை தம்பி, இங்க அமைதியாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து ஒரு சூரிய வாத்து அடித்தேன். வார்த்தையில் சொல்லத் தெரியாததெல்லாம் கைவழியாக வந்தது. கோட்டுக்கு வெளியேயும் வந்தது. முடித்த படங்களைக் கட்டில் மெத்தைக்கு அடியில் வைப்பேன். கடைக்காரர் நல்ல பென்சிலாகக் கொடுத்திருந்தார். எவ்வளவு அழுத்தி அடித்தாலும் முனை மழுங்கவே இல்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்தால் ஹாலில் என் சாய்வு நாற்காலியைக் காணவில்லை. என் முதுகின் வடிவம் அச்சாகப் பதிந்த நாற்காலி.

"மேல்வீட்டு ஆடிட்டருக்கு முதுகு வலியாம். குடுத்துட்டேன்" என்றாள்.

"என்னைக் கேக்காமயா?" குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கவலையோடு கன்னத்தில் கை வைத்தாள்.

"ஏங்க, தியானம் ஒழுங்கா பண்றீங்களா?"

"ஏன்?"

"தியானம் பண்றவங்களுக்குக் கோபம் வராதுன்னு சொல்றாங்களே. உங்களுக்கு வருதே. எதாவது தப்பாப் பண்றீங்களோ? கதவைத் திறந்து வெச்சுப் பண்ணுங்க, நானும் பாக்கறேன்."

"கோபமா? எனக்கா?" என்றேன். "நாற்காலி என்னம்மா நாற்காலி! மனுஷனுக்கு முதுகு முக்கியம்."

அன்றைக்கு அறைக்குள் போய் ஒரு வாத்தைக் கிழியும்வரை அடித்தேன்.

அடுத்து என் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. இன்டர்வியூவுக்கு வந்தவன். இன்டர்வியூ முடிந்தது, அவன் முடியவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு போவான். என் சோப்பைப் பாதியாகக் கரைப்பான். சோபாவில் படுத்து அவன் விடுகிற குறட்டையில் ஜன்னல் கண்ணாடி பேசும்.

"உன் தம்பி எப்ப கிளம்பறான்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பாத்தீங்களா, மறுபடியும் மனசு அலையுது. இன்னும் அரை மணி சேத்து உக்காருங்களேன்."

சோபாவிலிருந்து மச்சினன் ஒரு கண்ணைத் திறந்தான். "ஆமா மாமா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." ஊருக்கெல்லாம் நான் சொல்கிற வசனத்தை என் வீட்டு சோபாவிலிருந்து எனக்கே சொல்கிறான்!

நான் மூச்சை இழுத்துவிட்டேன். வேறு வழி? ஒரு பொய் சொல்லி ஞானியாகிவிட்டேன். ஞானி கோபப்பட்டால் பொய் வெளிவந்துவிடும். கோபப்படாமல் இருந்தால் சொத்து கைமாறிவிடும். இப்படித் தப்ப வழியில்லாத பொறி ஒன்றை நானே செய்து நானே உள்ளே போய் உட்கார்ந்து, தாழும் நானே போட்டிருந்தேன்.

மிச்சமிருந்த ஒரே ஆறுதல் கலர். அதிலும் ஒரு புதுமை. கடைக்காரர் வாத்துக்குப் பதிலாகப் புதுப் படங்கள் தர ஆரம்பித்தார்.

"புது ஸ்டாக் சார். பாப்பாவுக்குப் பிடிக்கும் பாருங்க."

பிரித்துப் பார்த்தால், ஒரு சோபா. அதில் வாயைப் பிளந்து தூங்குகிற ஒரு தடியன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட மச்சினர்கள் இருக்கிறார்கள் போலும். ஏதோ ஒரு ஓவியன் என்னைப்போல் அனுபவித்திருக்கிறான்! தடியனுக்குத் தவளைப் பச்சை அடித்தேன். மூக்குக்கு ஊதா. அன்றைக்கு அவன் குறட்டை எனக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த படம், இடுப்பில் ஒரு கையும் கரண்டியில் ஒரு கையுமாக நிற்கிற ஒரு பெண்மணி. யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல விரும்பவில்லை. முகத்துக்குச் சிவப்பு அடித்தேன். தலைமுடியை நெருப்பாக்கினேன். நாக்குக்குப் பச்சை. கண்ணுக்கு என்ன கலர் என்று வெகுநேரம் யோசித்து, ஏனோ மனசு வராமல், நல்ல அமைதியான நீலம் அடித்தேன். கண் மட்டும் நிஜத்தில் அழகு. உண்மையை மாற்ற எனக்கென்ன உரிமை?

அதற்கடுத்து வந்தது ஒரு பஸ்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து கை காட்டுகிறாள். கீழே இரண்டு பேர் முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒருவர் கொஞ்சம் கூன். அவ்வளவுதான் படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சிவப்பை எடுத்தேன், வைத்தேன். கறுப்பை எடுத்தேன், வைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். பஸ்ஸுக்குச் சக்கரமே இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு நன்றி வந்தது. சக்கரம் இல்லாத பஸ் எங்கே போகும்? அந்த ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் அடித்தேன். இருக்கிற மஞ்சளையெல்லாம் அதில் கொட்டினேன். மற்ற இடம் முழுக்கச் சாம்பல். கீழே நிற்கிற இரண்டு பேருடைய கைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கொஞ்சம் கலர் அடித்துச் சேர்த்துவைத்தேன்.

அன்றைக்குக் கண் சிவந்து வெளியே வந்தேன்.

"தியானம் நல்லா நடந்துச்சா?" என்றாள்.

"ரொம்ப ஆழமாப் போயிட்டேன்" என்றேன்.

"தெரியுது" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் பிஸ்கட். இரண்டு.

விஷயம் உடைந்தது மேல்வீட்டு ஆடிட்டரால். அவருக்கு பி.பி. அதிகம். என் மனைவி அவரிடம் என் பெருமையைப் பேசியிருக்கிறாள். மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துண்டு, தண்ணீர் பாட்டில் சகிதம் வந்து நின்றார்.

"சார், எனக்கும் கொஞ்சம் தியானம் சொல்லிக் குடுங்க. உங்க நாற்காலியில உக்காந்தா முதுகு சரியாகுது. ஆனா பி.பி. ஏறுது."

நாற்காலிக்கு விசுவாசம் போகவில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதற்குள் என் மனைவி அவரை அறைக்குள் கொண்டுபோய் நான் தரையில் போட்டு உட்காரும் குஷன் மேலேயே உட்காரவைத்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். காரணம் அந்தக் குஷனுக்கு அடியில் இருந்தது. நேற்று எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மெத்தைக்கடியில் வைக்க மறந்த கரண்டிப் பெண்மணி.

"கண்ணை மூடுங்க" என்றேன். "திறக்கவே திறக்காதீங்க. என்ன நடந்தாலும்!"

"என்ன நடக்கும் சார்?"

"மூச்சை இழுங்க."

இழுத்தார். விட்டார். அசைந்தார். அடியில் பேப்பர் சரசரத்தது. எந்த நாட்டு ஆடிட்டராக இருந்தாலும் பேப்பர் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்துவிடுவார். கையை விட்டு இழுத்து எடுத்தார்.

"சார், இது என்ன?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி டீயோடு உள்ளே வந்து இடுப்பில் ஒரு கை வைத்து நின்றாள். ஆடிட்டர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்து முடித்து, "ரொம்பத் தத்ரூபமா இருக்கே!" என்றார்.

லிஃப்ட் கயிறு அறுந்தால் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் புகார் கேட்டேனே தவிர, அனுபவித்ததில்லை. அன்று அனுபவித்தேன்.

என் மனைவி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நிதானமாகப் படத்தை வாங்கினாள்.

"அது என்னோட டிசைன் சார். சாம்பிள். இங்க கிடந்துச்சா? டீ எடுத்துக்கங்க."

ஆடிட்டர் டீயைக் குடித்துவிட்டு, பி.பி. இறங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் உருகிப்போனேன். நெருப்புத் தலையும் பச்சை நாக்குமாக அவளையே நான் அடித்துவைத்திருக்கிறேன். அதைப் பார்த்த அந்த நொடியிலும் என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாளே! இவள் அல்லவா மனைவி! சாயம் வெளுக்கிறதென்றால் வெளுக்கட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"எனக்காக ஏன் பொய் சொன்னே?"

"நான் எங்க பொய் சொன்னேன்?"

"உன் டிசைன்னு சொன்னியே."

"என் டிசைன்தானே?"

எழுந்து போய்த் தன் பையிலிருந்து டிரேசிங் பேப்பர் சிலவற்றைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். மேலே கரண்டிப் பெண்மணி. அடியில் சோபாத் தடியன். அதற்கடியில் பஸ். எல்லாம் கோடு மட்டும். அழித்த தடம் ஒன்றுகூட இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"முதல் நாளே. தியானம் பண்ணிட்டு வந்தவர் நகத்துல சிவப்பு. சரி, என்னமோ பண்றார்னு விட்டேன். மறுநாள் கடைக்காரர் கேக்கறார், உங்க வீட்டுக்காரரோட அண்ணன் பேத்தி சௌக்கியமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"சௌக்கியம்னேன். கோவம் மட்டும் ஜாஸ்தின்னேன்."

"அப்ப பென்சில் மழுங்கவே மழுங்காம இருந்தது?"

"தினமும் யார் சீவி வெச்சாங்கன்னு நெனைச்சீங்க? அண்ணன் பேத்தியா?"

என் ராஜ்ஜியம் என் கண்முன்னால் கரைந்தது. அதன் எல்லைக்கோட்டை வரைந்தவளே அவள். நான் அவளைத் திட்டுவதற்கு வேண்டிய படத்தையும் அவளே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, கடைக்காரர் மூலமாக என் கையில் சேர்த்து, திட்டி முடித்ததும் எடுத்து ரசித்திருக்கிறாள். புருஷன்மார்களுக்குக் கோபம் வரவைக்கிற மனைவிகள் நிறையப் பேர். அந்தக் கோபத்துக்கு அவுட்லைன் போட்டுக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

"உன்னையே ஏம்மா அப்படி வரைஞ்சு குடுத்தே?"

"தம்பி படத்துல அவ்வளவு பச்சை. அடுத்து மனசு யார் மேல போகும்னு எனக்குத் தெரியாதா? வெளிய வந்துடட்டும்னுதான் குடுத்தேன்." படத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "தலையெல்லாம் நெருப்பு. ஆனா கண்ணுக்கு மட்டும் நீலம் அடிச்சிருக்கீங்க. அதைப் பாத்து நான் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா?"

நான் பேச்சை மாற்றினேன். வழக்கம்தானே.

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்வீங்க? 'ஒண்ணுமில்லம்மா, நீ பதட்டப்படாதே'ன்னு சொல்வீங்க. இத்தனை வருஷமா அதைத்தானே கேக்கறேன். கேக்காம விட்டாத்தான் கலர்ல சொல்றீங்க."

பஸ் படத்தை அவள் எடுக்கவில்லை. விரலால் மட்டும் தொட்டாள்.

"சக்கரம் போட மறந்துட்டியே" என்றேன்.

"மறக்கலை."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரே இழுப்பில் கிளி வரைகிறவள், எதையும் அழிக்காதவள், நான்கு வட்டம் போட அவள் கை வரவில்லை. நான் தாழ் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் அழுததும், அவள் அந்தப் பக்கம் பென்சிலோடு உட்கார்ந்திருந்ததும் ஒரே பஸ்ஸுக்காகத்தான். இத்தனை நாள் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். அவள் கோட்டில், நான் கலரில்.

"அந்த ரெண்டு பேர் கையைச் சேத்து வெச்சிருந்தீங்களே" என்றாள். "கோட்டுக்கு வெளிய அடிச்சதுல அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சுது. மத்ததெல்லாம் கொஞ்சம் உள்ளயே அடிக்கப் பழகுங்க."

பெண்ணுக்குப் போன் போட்டோம். நானே முதலில் வாங்கினேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

நாக்கு நுனியில் 'அம்மாகிட்ட குடுக்கறேன்' வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டேன்.

"நீ இல்லாம உன் ரூம் நல்லாவே இல்ல கண்ணு. அதான் உள்ள உக்காந்து கலர் அடிக்கிறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "என்ன கலர்ப்பா?" என்று கேட்டாள். நிறையச் சொன்னேன். போன் சூடாகும்வரை சொன்னேன். என் மனைவி தன் முறைக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் காத்திருந்தாள்.

போனை வைத்ததும் எனக்கு ஒரு புதுத் தெம்பு. ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஒரு விஷயம் தெளிவாப் பேசிடலாம். நான் தியானம் பண்ணலைன்னு ஆயிடுச்சு. சரியா?"

"சரி."

"தியானம் பண்ணாதவன் கோபப்படலாம். சரியா?"

"சரிதான்."

"அப்போ நான் பொறுத்துக்கிட்டதெல்லாம் செல்லாது. நாளைக்கே நாற்காலி கீழ வரணும். உன் தம்பி ஊருக்குப் போகணும். எனக்குக் கோபம் வந்தா இனிமே கோபமாவே வரும். என்ன சொல்றே?"

எழுந்து நின்று சொன்னேன். ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. லாஜிக்கில் ஓட்டை கிடையாது. ஆடிட்டரே வந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அமைதியான கண் விரிந்தது. நிஜமாகவே வியந்துபோனவள் மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

"ஏங்க! தியானமே பண்ணாம நாற்காலியை விட்டுக் குடுத்தீங்க. தியானமே பண்ணாம என் தம்பியை இத்தனை நாள் வெச்சு சோறு போட்டீங்க. ஒரு சுடுசொல் சொல்லலை. தியானம் பண்ணாமலே இவ்வளவு பெரிய மனசுன்னா, பண்ணினா எங்கேயோ போயிடுவீங்களே! இதை வீணாக்கலாமா?"

"அது வந்து..."

"சாயங்காலம் கலர் இருக்கட்டும். அது நம்ம ரெண்டு பேருக்கும். காலையில நிஜமாவே தியானம். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

இப்போதெல்லாம் காலையில் சூரியனுக்கு முன்னால் எழுந்து, ஹாலில் கண்ணை மூடி உட்காருகிறேன். எதிரே சோபாவில் படுத்தபடி, நான் கண்ணைத் திறக்கிறேனா என்று மச்சினன் பார்த்துக்கொள்கிறான்.